எலுமிச்சை மணக்கும் குட்டி

ஆடுகளோடு யோகா என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு, வரமாட்டேன் என்ற அக்காவை இந்தப் பண்ணைக்கு இழுத்துக்கொண்டு வந்தது நான்தான். வைக்கோல் அடுக்கிய கொட்டகையில் பாய்களை விரித்திருந்தார்கள். வெயிலுக்குப் பயந்த அக்கா, வழியிலேயே முகம், கழுத்து, கை எங்கும் எலுமிச்சை வாசனைக் களிம்பைப் பூசி முடித்திருந்தாள்.

"மூச்சை மெதுவா உள்ள இழுங்க," என்றார் யோகா டீச்சர்.

"ஆட்டு வாசனையோடவா?" என்று அக்கா என் காதில் கிசுகிசுத்தாள்.

கையையும் முழங்காலையும் ஊன்றி நாங்கள் மேசைபோல் நின்றதும் குட்டிகளை அவிழ்த்துவிட்டார்கள். ஒன்று என் முதுகில் ஏறி, ஊரையே விலைக்கு வாங்க வந்ததுபோல் சுற்றிப் பார்த்தது.

"ஆடாதேடி, பாவம், விழுந்துடும்."

"என் முதுகு பாவமில்லையா?"

அக்காவிடம் வந்தது ஒரு வெள்ளைக் குட்டி. பிறந்து சில நாள்தான் இருக்கும். அதன் கண்மணிகள் படுக்கைவசத்தில் இருந்தன, உண்டியலில் காசு போடும் துளைகளைப் போல. அதன் பிறகு அக்கா ஒரு ஆசனமும் செய்யவில்லை. மடியில் போட்டுக் கன்னத்தோடு கன்னம் இழைத்துக்கொண்டே இருந்தாள்.

வகுப்பு முடிந்ததும் குட்டியைக் கொட்டிலில் கொண்டுபோய் விட்டோம். தாயாடு ஓடி வந்து அதை மோந்தது. சட்டென்று தலையைத் தாழ்த்தி ஒரு முட்டு. குட்டி சுவரோரம் உருண்டது. எழுந்து மறுபடி மடியைத் தேடிப் போனது. மறுபடி முட்டு.

சத்தம் கேட்டு வந்த பண்ணைக்கார அம்மா குட்டியைத் தூக்கி மோந்து பார்த்தார்.

"யாரு எலுமிச்சை?"

அக்கா பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கையைத் தூக்கினாள்.

"வாசனையை வச்சுத்தாம்மா தாய் ஆடு பிள்ளையை அடையாளம் கண்டுபிடிக்கும். இப்ப யாரோ வீட்டுப் பிள்ளைன்னு நினைக்குது. எதையும் பூசிக்காதீங்கன்னு நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"புட்டிப்பால் குடுக்கலாம்ல?" என்றேன்.

"குடுக்கலாம். ஆனா தாய் ஒருதரம் வேண்டாம்னு ஒதுக்கிட்டா, அப்புறம் பக்கத்துல சேர்க்கிறது கஷ்டம்."

அக்கா ஓடிப்போய் வெந்நீர் வாங்கி வந்தாள். வெந்நீரில் துணியை நனைத்துக் குட்டியைத் துடைத்தாள். பண்ணைக்கார அம்மா தாயிடம் கொஞ்சம் பால் கறந்து குட்டியின் முதுகிலும் வாலிலும் தடவினார். தாய் மோந்தது. முட்டவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இந்த வாசனை லேசுல போகாது போல. நல்ல சரக்குதான் வாங்கியிருக்கீங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பையைத் துழாவிக் களிம்பை எடுத்தாள்.

"தாய் ஆட்டோட மூக்குலயும் இதையே துளி தடவினா என்ன? உலகமே எலுமிச்சையா இருந்தா, குட்டி மட்டும் எப்படித் தனியாத் தெரியும்?"

பண்ணைக்கார அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அட, குடும்மா, பார்த்துடலாம்."

தாயாடு தும்மியது. தலையை உதறியது. எங்கள் மூவரையும் சந்தேகமாகப் பார்த்தது. அதற்குள் குட்டி வயிற்றடியில் நுழைந்துவிட்டது. தாயின் பின்னங்கால் ஒன்று உயர்ந்தது. அக்கா என் கையை நெரித்தாள்.

கால் மெல்ல இறங்கியது. சப்பும் சத்தம் கேட்டது. குட்டியின் வால் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடியது. தாய் கழுத்தை வளைத்து அதன் முதுகை நக்கத் தொடங்கியது.

"ஒட்டிக்கிச்சு," என்றார் பண்ணைக்கார அம்மா. "இனி பயமில்ல."

அக்கா அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"அக்கா, புழுக்கை மேல உக்காந்திருக்கே."

"இருக்கட்டும்டி," என்றாள். "அது வயிறு நிறையட்டும், வரேன்."