அலமாரிக் கதவில் நூற்றிருபது கிரெடிட்

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அம்மா வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னல் பக்க நாற்காலியில் அம்மா, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி. எதிரே நான், என் முன்னால் பேனா, வெள்ளைத் தாள், பல்கலைக்கழகக் கையேடு. கதவோரம் ஸ்டூலில் மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எந்த வீட்டுக்குப் போனாலும் கதவோரம்தான் உட்காருவார். தங்கைக்கும் ஒரு நாற்காலி இருந்தது. அவள் உட்காராமல் மளிகை அலமாரியில் சாய்ந்து நின்றாள். வராதவர் என் மனைவி. அவளுக்கு அன்று இரண்டாவது ஷிஃப்ட்.

மேசை நடுவே பல்கலைக்கழகக் கடிதம் பிரிந்து கிடந்தது. அதை மூன்றாவது தடவையாக நான் உரக்கப் படித்தேன். தங்கை நூற்றுப் பதினேழு கிரெடிட் முடித்திருக்கிறாள். சிறப்புப் பட்டத்துக்கு நூற்றிருபது வேண்டும். விருப்பப் பாடப் பிரிவில் மூன்று குறைகிறது. ஆகவே அவளுக்குப் பொதுப் பட்டம் வழங்க முடிவு செய்திருக்கிறார்கள். அதைப் பெற்றுவிட்டால் அதே கிரெடிட்டுகளைப் பிறகு சிறப்புப் பட்டத்துக்குச் சேர்க்க முடியாது. ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் வந்து சேர வேண்டும்.

"பொதுவுன்னா எல்லாருக்கும் குடுக்கறதா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. அது மூணு வருஷப் படிப்பு. மூணு பாடம் சரிசமமா, தொண்ணூறு கிரெடிட். சிறப்புன்னா நாலு வருஷம், ஒரே பாடத்துல ஆழமாப் போகணும், கடைசியில ஆய்வும் பண்ணணும். ரெண்டும் பட்டம்தான்."

"அப்ப ஒண்ணு வந்தா போதாதா?"

போதாது. தங்கை நகரத்துக் குடிநீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் பதினொரு வருஷமாக உதவியாளர். பாட்டிலில் மாதிரி எடுப்பதும், சோதிப்பதும், எண்களை எழுதுவதும் அவள். அறிக்கையின் அடியில் கையெழுத்து மட்டும் வேறொருவருடையது. கையெழுத்துப் போடச் சிறப்புப் பட்டம் வேண்டும் என்பது அங்கே விதி. அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் ஆறு வருஷமாக வேலை முடிந்து மாலை வகுப்புக்குப் போய் வந்தாள்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் பள்ளிப் படிப்போடு நின்றவன். ஒரு மருத்துவமனை ஸ்டோரில் இருப்புப் பதிவு எழுதுகிறேன். தங்கை சேர்ந்த அன்று அந்தக் கையேட்டை வாங்கி அட்டை போட்டு வைத்துக்கொண்டேன். முதன்மைப் பாடம் அறுபது, துணைப் பாடம் பதினெட்டு, பொதுப் பாடம் பதினைந்து, விருப்பப் பாடம் பதினைந்து, ஆய்வு பன்னிரண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பழுப்புத் தாளில் கோடு போட்டு ஐந்து பத்தியாகப் பிரித்து, அம்மாவின் மளிகை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினேன். அவள் ஒரு பாடம் பாஸானதும் நான் வந்து அந்தப் பாடத்தின் பெயரை உரிய பத்தியில் எழுதுவேன். ஒவ்வொரு செமஸ்டரும் பாடத்திட்டப் படிவத்தை நிரப்பி அனுப்புவதும் நானே. இந்தச் சங்கதி ஸ்டோரில் பரவி, நர்சுகளும் சமையற்காரர்களும் தங்கள் பிள்ளைகளின் படிவங்களோடு என்னிடம் வர ஆரம்பித்தார்கள். எனக்கு 'டீன்' என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். கேலிதான். ஆனாலும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"மச்சான் கணக்கு தப்பாதே," என்றார் மாப்பிள்ளை. சாதாரணமாக இந்த மாதிரி நேரத்தில் நாலு கிண்டல் உதிர்க்கிறவர், அதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். எனக்கு அது அப்போதே உறுத்தியது.

எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன். தங்கை நகர்ந்து வழிவிட்டாள். கடிதத்தோடு வந்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். துணைப் பாடம் சரி. பொதுப் பாடம் சரி. ஆய்வு சரி. விருப்பப் பாடத்தில் நான்காவது வரிக்கு வந்தபோது விரல் நின்றுவிட்டது. புள்ளியியல். அதே புள்ளியியல் முதல் பத்தியிலும், முதன்மைப் பாடத்தின் கீழ், என் கையெழுத்திலேயே இருந்தது.

எங்கள் ஸ்டோரில் ஒரே கையுறைப் பெட்டி இரண்டு வார்டுக்குப் போகும் என்றால் இரண்டு வார்டு அட்டையிலும் எழுதுவோம். பதினேழு வருஷப் பழக்கம். புள்ளியியல் இரண்டு பிரிவிலும் அனுமதிக்கப்பட்ட பாடம் என்று கையேட்டில் பார்த்ததும் கை தானாக இரண்டிலும் எழுதியிருக்கிறது. ஒரு பாடம் ஒரு பிரிவில்தான் கணக்காகும் என்பது அடுத்த பக்கத்தில் இருக்கிறது. நான் படித்த பக்கம்தான்.

நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். "தப்பு என்னோடது," என்றேன்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எழுதுடா. கருணை காட்டச் சொல்லி எழுது. பிள்ளைகளை வச்சிக்கிட்டு, வேலைக்கும் போய்க்கிட்டு படிச்சவ, அந்த மூணை விட்டுக்குடுக்கக் கூடாதான்னு கேளு."

எழுத ஆரம்பித்தேன். 'பெருமதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு, குடும்பச் சுமைகளுக்கு நடுவே...' என்று வந்தபோது தங்கை தாளின்மேல் கையை வைத்தாள்.

"குடும்பம் எனக்குச் சுமைன்னு எங்கண்ணா சொன்னேன்?"

"கடிதத்துல அப்படித்தான் எழுதுவாங்க."

"எழுத வேண்டாம். கருணையும் வேண்டாம்." பிறகு ஸ்டூல் பக்கம் திரும்பினாள். "சொல்லிடவா?"

"என்னைக் கேட்டா? ரெண்டு வருஷமா இதை வெளியில சொல்லாம எனக்கு வயிறு உப்பிப் போய்க் கிடக்கு," என்றார் மாப்பிள்ளை.

தங்கை சமையல் கத்தியை எடுத்தாள். அலமாரிக் கதவில் என் பழுப்புத் தாளின் கீழ் ஓரத்தைப் பசை விட்ட இடமாகப் பார்த்து மெதுவாக நெம்பினாள். உள்ளே கையை விட்டு ஒரு நெகிழி உறையை இழுத்தாள். அதற்குள் ஒரு சான்றிதழ். அதே பல்கலைக்கழகத்தின் தொடர்கல்வித் துறை. பாடம், நிலத்தடி நீர். மூன்று கிரெடிட். தேதி ஒன்றரை வருஷத்துக்கு முந்தையது.

"நீங்க ரெண்டு இடத்துல எழுதின அன்னைக்கே பார்த்துட்டேன்ணா. குறையுமேன்னு சனிக்கிழமை வகுப்புல சேர்ந்தேன்."

"சனிக்கிழமை ஓவர்டைம்னு சொன்னியேடி," என்றாள் அம்மா. "உம் பிள்ளைகளை நான்தானே பார்த்துக்கிட்டேன்?"

"அது ஓவர்டைம்தானேம்மா."

"நான்தான் வண்டியில கொண்டுபோய் விடுவேன் அத்தை," என்றார் மாப்பிள்ளை. "அந்த காலேஜ் லிஃப்ட் ஒரு மாசமா ஓடல. வெளியில காத்துக்கிட்டு இருக்கறதுக்கு அதையாவது பார்ப்போம்னு நானே சரி பண்ணிக் குடுத்தேன். யாருக்கும் தெரியாது."

நான் சான்றிதழையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்கிட்ட ஏன் சொல்லல?"

தங்கை, நெம்பிய தாளின் ஓரத்தை விரலால் நீவி விட்டாள். "இந்தத் தாள்ல ஒரு பாடத்தோட பேரை எழுத வர்றப்பெல்லாம் நீங்க இஸ்திரி போட்ட சட்டையில வருவீங்க. அந்தச் சட்டையைப் பார்த்துட்டு எப்படிண்ணா சொல்றது? இதைக் கணக்குல சேர்க்க மாற்றுப் படிவம் குடுக்கணும், திருத்தின பாடத்திட்டப் படிவத்தையும் இணைக்கணும். அதை நிரப்பறது நீங்க. கடைசி செமஸ்டர் முடிஞ்சதும் நானே போய்க் குடுத்துக்கலாம்னு இருந்தேன். அவங்க முந்திக்கிட்டாங்க."

டீனுக்கு வேலை வந்தது. கையேட்டைப் புரட்டினேன். பக்கம் நாற்பத்தொன்று: தொடர்கல்வித் துறையில் தேறிய பாடத்தை விருப்பப் பாடமாக மாற்றிக்கொள்ளலாம். நிபந்தனை ஒன்று, மூன்றாம் நிலைக்குக் குறையாத பாடமாக இருக்க வேண்டும். சான்றிதழின் வலது மூலையில் பார்த்தேன், நிலை மூன்று. நிபந்தனை இரண்டு, பட்டம் வழங்குமுன் கோர வேண்டும். இன்னும் வழங்கவில்லை. நிபந்தனை மூன்று, ஏற்கெனவே படித்த பாடமாக இருக்கக் கூடாது. அலமாரிக் கதவை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை பார்த்தேன். நிலத்தடி நீர் எங்கேயும் இல்லை.

கையேட்டின் கடைசியில் இருந்த மாற்றுப் படிவத்தையும் பாடத்திட்டப் படிவத்தையும் கிழித்து நிரப்பிவிட்டு, புதுத் தாள் எடுத்தேன். ஒன்று, கடிதம் கிடைத்தது. இரண்டு, விருப்பப் பாடத்தில் குறையும் மூன்று கிரெடிட்டுக்கு இத்துடன் சான்றிதழும் மாற்றுப் படிவமும் திருத்திய பாடத்திட்டமும் இணைக்கப்பட்டுள்ளன. விதி பக்கம் நாற்பத்தொன்று. மூன்று, புள்ளியியலை இரண்டு பிரிவில் எழுதியது பாடத்திட்டத்தை நிரப்பிய அண்ணனின் தவறு, மாணவியுடையதல்ல.

"மூணாவது எதுக்கு? அவங்க கேட்கலையே," என்றாள் தங்கை.

"ஸ்டோர்ல ஒரு பெட்டி குறைஞ்சா, பதிவு பண்ணது யாருன்னு எழுதாம பேப்பர் நகராது."

"அப்படின்னா பேனாவைக் குடுங்க."

வாங்கி, நின்றபடியே எழுதினாள். நான் தலைகீழாகப் படித்தேன். 'நான்கு, மற்ற முப்பத்துநான்கு பாடங்களையும் ஆய்வையும் பிழையின்றிப் பதிவு செய்தவரும் அவரே.'

அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினார் மாப்பிள்ளை. அம்மா எழுந்து வந்து என் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அடியில் தங்கை கையெழுத்துப் போட்டாள். நிதானமாக, ஓர் எழுத்தும் கலங்காமல். பதினொரு வருஷம் மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்த கையெழுத்து என்று பார்த்தாலே தெரிந்தது.

தெருமுனைத் தபால் நிலையத்துக்கு நானும் அவளும் நடந்தே போனோம். மணி மூன்றே முக்கால். கவுண்டரில் இருந்த பெண் விரைவுத் தபால் நாளைக்கே சேர்ந்துவிடும் என்றாள். ஆறு வருஷமாகத் தங்கையின் கடிதங்களில் அனுப்புநர் இடத்தில் என் பெயரைத்தான் எழுதி வந்திருக்கிறேன். பழக்க தோஷத்தில் உறையை என் பக்கம் இழுத்தேன். பிறகு அவள் பக்கம் தள்ளினேன். அவள் தன் பெயரை எழுதினாள். உறையின் மடிப்பை ஈரப்படுத்தி, உள்ளங்கையால் இரண்டு தடவை அழுத்தி ஒட்டினாள். கவுண்டர்ப் பெண் முத்திரை குத்தி, பின்னாலிருந்த பையில் போட்டாள்.