ஈரக்கால் குளிர்காலம்

தூத்துக்குடியில், கடற்கரையை ஒட்டிய ஒரு கட்டடத்தில், பழைய தென்துருவக் கடலைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழ்த்தளக் கூடத்தில் அது முழங்கால் அளவுக்கு வந்திருந்தது.

கட்டுவதற்கான சரக்கு, துருவக் கடலடிச் சேற்றில் கிடக்கும் கசகசா அளவுக் கிளிஞ்சல்கள். ஒவ்வொன்றும் தான் உயிரோடிருந்த காலத்துத் தண்ணீரை மறக்காமல் வைத்திருக்கும். இடப்பக்கம் சுருண்டிருந்தால் குளிர்ந்த காலம், வலப்பக்கம் சுருண்டிருந்தால் வெதுவெதுப்பான காலம். ஈரத் தூரிகையால் தொட்டெடுத்துக் கறுப்புத் தட்டில் அதனதன் இடத்தில் வைத்தால், அந்தக் காலம் கூடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். அக்கம்பக்கத்தில் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு மீன் விற்கும் பெண்கள் கூடைகளோடு வந்து, ஓரத்தில் மிதந்த பனிக்கட்டிகளை உடைத்து மீன்மேல் போட்டுக்கொண்டார்கள்.

ஜெசிந்தா அங்கே கிளிஞ்சல் பொறுக்குகிறவள். அவளுக்கு இதில் சொந்தக் காரியம் ஒன்று இருந்தது. சேறு எடுக்கப் போன கப்பலில் அவள் புருஷன் சில்வெஸ்டர் இயந்திரம் பார்க்கிறவன். பழைய குளிர்காலம் ஒன்றைக் கப்பல் கடக்கும்போது, அடியிலுள்ள விசிறியில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று பனியில் இறங்கினான். அவன் ஏறுவதற்குள் கப்பல் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டது; அவன் அதற்குள்ளேயே நின்றுபோனான். "அந்தக் காலம் தட்டுக்கு வந்தா ஆளும் வந்துருவாரு" என்று தலைமை ஆய்வாளர் லோசனி சொல்லியிருந்தார். அந்தக் காலத்துக் கிளிஞ்சல்தான் இன்னும் கிடைத்தபாடில்லை.

கிளம்பிய அன்று சில்வெஸ்டர் வழக்கம்போல் ஈரக்காலோடு வந்து மெத்தையில் உட்கார்ந்தான். "இனிமே ஈரக்காலோட இந்த வாசல மிதிக்காதீய!" என்று அவள் கத்தினாள். அதுதான் கடைசிப் பேச்சு. அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

கடைசிச் சேற்றைக் கழுவிய அன்று அந்தக் கிளிஞ்சல் கிடைத்தது. இடப்பக்கம் இறுக்கமாகச் சுருண்டிருந்தது. உருப்பெருக்கியின் கீழ் வைத்தபோது உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள். கட்டினவன் செருமல் அவளுக்குத் தெரியாதா? பதற்றத்தில், தூரிகை பிடிக்கிற அத்தனை பேரும் திருட்டுத்தனமாகச் செய்கிற, செய்யவே கூடாத காரியத்தைச் செய்தாள். நுனியைத் தண்ணீரில் தொடுவதற்குப் பதில் நாக்கில் தொட்டுவிட்டாள்.

கிளிஞ்சல் தட்டில் உட்கார்ந்ததும் கூடத்துக் கடல் உறைந்தது. வெகு தொலைவில் சில்வெஸ்டர் பனிமேல் நடந்து வருவது தெரிந்தது. ஆனால் நாக்குச் சூடு பட்ட கிளிஞ்சல், தான் இன்னும் உயிரோடு ஏதோ வெயில் கடலில் கிடப்பதாக நினைத்துக்கொண்டு, புதிதாக ஓர் அறை கட்டத் தொடங்கியது. அறை வலப்பக்கம் சுருண்டது. சில்வெஸ்டரின் காலடியில் பனி கீறல் விட்டது.

"வாயக் குளிர வச்சுட்டுத் திரும்பத் தொடுங்க. அவரு கரையேறுற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது, மூச்சுச் சூட்டுல பனி உடைஞ்சுரும்" என்றார் லோசனி.

மீன்காரி சந்தியம்மாள் தன் கூடையிலிருந்து ஒரு பனிக்கட்டியை எடுத்து நீட்டினாள். "நெத்திலி வாடை அடிக்கும். பொறுத்துக்க, ஏட்டி."

ஜெசிந்தா அதை வாயில் அடக்கிக்கொண்டாள். நாக்கு மரத்ததும் தூரிகையை நனைத்துக் கிளிஞ்சலைத் தொட்டாள். வலப்பக்கம் போன அறை சற்று யோசித்து இடப்பக்கம் திரும்பியது. கீறல் மூடிக்கொண்டது.

சில்வெஸ்டர் மெதுவாகத்தான் வந்தான். சொந்தக் கல்யாணத்துக்கே பூசை பாதி ஆன பிறகு வந்து சேர்ந்தவன் அவன். கூடத்து விளிம்பில் வந்து நின்று, குனிந்து தன் கால்களைப் பார்த்தான்.

"கால் ஈரமா இருக்கு, ஏட்டி. நீ சொன்னது ஞாபகம் இருக்கு."

"வாங்க சில்வெஸ்டர், பரவால்ல" என்றார் லோசனி.

"அவ சொல்லணும், மேடம்."

ஜெசிந்தாவின் வாயில் பனிக்கட்டி கரைந்து மிளகளவு ஆகியிருந்தது. 'வாங்க' என்கிற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அவன் நிற்கிற பனி உடையும். சொல்லாவிட்டால் ஏற மாட்டான். இத்தனை பாசத்தை வைத்துக்கொண்டு போயும் போயும் அந்த வார்த்தையையா சொல்லி அனுப்பினோம் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அவள் விளிம்பில் மண்டியிட்டாள். முந்தானையால் அவன் ஒரு காலைத் துடைத்தாள். அதை அவன் தரையில் வைத்தான். மற்றதையும் விரல் இடுக்குவரை துடைத்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அதையும் எடுத்து வைத்தான். அப்புறம்தான் அவள் வாய்விட்டு அழுதாள். அவன் பின்னால் பனி படபடவென்று உடைந்தது.

கடல் முழுமையாகிவிட்டதால் அதை வந்த வழியே தெற்கே அனுப்பிவைத்தார்கள். பனிக்கட்டிக்கு மீன்காரப் பெண்கள் கொஞ்ச நாள் திண்டாடினார்கள். ஆனால் ஜெசிந்தாவின் நாக்கில் குளிர் தங்கிவிட்டது. அவள் கோபமாகப் பேசினால் சொற்கள் இடப்பக்கம் சுருண்டு, பனிக்கட்டிகளாகத் தரையில் விழுகின்றன. சந்தியம்மாள் வந்து கூடையில் அள்ளிக்கொண்டு போகிறாள். மீன் வரத்து அதிகமான நாட்களில் சில்வெஸ்டர் குழாயடிக்குப் போய்க் கால்களை நன்றாக நனைத்துக்கொண்டு வந்து மெத்தையில் உட்காருகிறான்.