திருச்செந்தூரில் ஒரு மலை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறுமை கிடையாது. பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன் என்றதும், "ஐயோ, உங்களுக்கு எவ்வளவு பொறுமை" என்று கன்னத்தில் கை வைக்கிறவர்களைக் கண்டால் இருக்கிற கொஞ்சநஞ்சமும் போய்விடும். பொறுமை வேண்டியது எனக்கல்ல, என்னிடம் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு.

பாளையங்கோட்டைப் பக்கம் எங்களுடையது ஒரு விடுதிப் பள்ளி. தஸ்லிமா டீச்சர் என்றால் எல்லாருக்கும் தெரியும், குரல் அப்படி. நான் சொல்லிக் கொடுப்பது தொட்டு வாசிக்கிற படங்கள். பிரெய்லில் எழுத்து வாசிப்பது ஒரு வித்தை, படம் வாசிப்பது வேறு வித்தை. கோடும் புள்ளியும் சொரசொரப்பும் மேடாக இருக்கும். அதை விரலால் தடவி, இது சுவர், இது வாசல், இது வயல் என்று மனசுக்குள் கட்டி எழுப்ப வேண்டும்.

கண் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட பொய்கள் எத்தனை என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பசுவைப் பக்கவாட்டில் வரைந்து கொடுத்தால் செந்தூர்பாண்டி தடவிப் பார்த்துவிட்டு, "பாவம் டீச்சர், லாரி அடிச்சிட்டா?" என்று கேட்பான். கையில் இரண்டு கால்தான் பட்டதாம். ஆற்றுக்குச் சணல் கயிறு ஒட்டினால், "ஆறு பள்ளத்துலதான ஓடும்? நீங்க மேட்டுல ஓட விடுதிய" என்பான். "வாயைக் குறைச்சு விரலைப் போடுலே" என்று அதட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

செந்தூர்பாண்டிக்கு ஒரு தடவை காதில் விழுந்தது மறக்காது. அதனாலேயே படம் வாசிக்க வராது. காது இருக்க விரல் எதற்கு என்று இருப்பான். அவனோடு பத்தாம் வகுப்பு முடித்தவள் ஸமீஹா, காயல்பட்டினத்துப் பெண். அவள் நேர் எதிர். புதிதாக ஒரு வரைபடம் கையில் கொடுத்தால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். பிளஸ் ஒன்னில் பூகோளம் எடுக்கப் போகிறேன் என்று அவள் சொன்னதில்தான் வம்பு தொடங்கியது.

எங்கள் பள்ளி பத்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் என்றால் வண்ணார்பேட்டையில் இருக்கிற மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே பூகோள ஆசிரியர் பெருமாள்ராஜ். விஷயத்தைச் சொன்னதும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்பா நினைக்காதிய டீச்சர். பரீட்சையில இவங்களுக்கு மேப் கேள்விக்குப் பதிலா வேற கேள்வி குடுத்துருவாங்க. மேப் இல்லாத பூகோளம் உப்பில்லாத கஞ்சி. அந்தப் புள்ள வேற குரூப் எடுக்கட்டும்."

"அவ மேப் வாசிப்பா சார்."

"ஒப்பிப்பா. வாசிக்கது வேற."

எனக்குச் சுருக்கென்றது. வந்து பாருங்கள் என்றேன். புதன்கிழமை காலை வருவதாகச் சொன்னார். அவள் இதுவரை தொடாத ஒரு வரைபடம் வேண்டும். விரலால் வாசித்தால் சேர்த்துக்கொள்வார். ஒப்பித்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். ஸமீஹாவிடம் சொன்னதிலிருந்து அவள் நகத்தைக் கடித்துக்கொண்டே திரிந்தாள். விரலைத் தின்னாதே, அதை வைத்துத்தான் நீ பிழைக்க வேண்டும் என்று அதற்கும் ஓர் அதட்டல் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வரைபடம் செய்தேன். மேற்கே பொதிகை மலைக்குக் கடலைப்பருப்பு. அங்கிருந்து கிளம்புகிற தாமிரபரணிக்குச் சணல் கயிறு. இரு கரை வயலுக்கும் ரவை. தெற்கே ராதாபுரத்துக் காய்ந்த பூமிக்கு உப்புத்தாள். கிழக்கே கடலுக்கு, அட்டைப்பெட்டியை உரித்தெடுத்த நெளி அட்டை. ஊர்களுக்குச் சட்டைப் பொத்தான். எது எதற்கு என்று மூலையில் பிரெய்லில் குறிப்பு.

விடுதி ஆயா இசக்கியம்மா பக்கத்திலேயே நின்று, இது என்ன, அது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பருப்பு மலை, இந்தப் பொத்தான் திருச்செந்தூர் என்று நானும் சொன்னேன். நாளைக்கு வண்ணார்பேட்டை சார் வருகிறார் என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். விருந்தாளி வருகிறார் என்றால் இசக்கியம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. போன வருஷம் அதிகாரி ஒருவர் வந்தபோது பிரெய்ல் மெஷினுக்குக் குங்குமம் வைத்து மல்லிகைச் சரம் சுற்றியவள். இது தெரிந்திருந்தும், பசை காயட்டும் என்று வரைபடத்தைத் துண்டால் மூடி, அவள் காவலில் விட்டுவிட்டுப் போனேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் நான் வந்த பஸ் வண்ணார்பேட்டை நெரிசலில் நின்றுவிட்டது. பள்ளி வாசலில் இறங்கும்போது பெருமாள்ராஜ் சாரும் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார். இருவரும் ஒன்றாகவே உள்ளே போனோம். மேசை முன்னால் ஸமீஹா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் துண்டை எடுத்தேன்.

மேற்கே இருந்த மலை கிழக்கேயும் இருந்தது. அதே நீளம், அதே அகலம். திருச்செந்தூருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பொதிகை மலை நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். சமையல்கட்டு வாசலில் இசக்கியம்மா தலைக்குப் பூ வைத்துக்கொண்டு, எப்படி என்பது போலப் புருவத்தைத் தூக்கினாள். "சார், ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்தேன். பெருமாள்ராஜ் வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உதட்டின் மேல் விரலை வைத்தார். மனுஷர் கண்ணில் குறும்பு தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"முதல்ல நான் சொல்லுதேன் சார்" என்று செந்தூர்பாண்டி முந்திக்கொண்டு வந்தான். யாரும் கூப்பிடவில்லை. கையை வரைபடத்தில் போட்டு, பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் விழுந்து, என்று ஆரம்பித்தான். அருவி கொட்டும்போது அவன் விரல் ராதாபுரத்து உப்புத்தாளில் இருந்தது. அங்கே அருவி வந்தால் ராதாபுரத்துக்காரர்கள் கோயில் கட்டிக் கும்பிடுவார்கள். கடைசியில் கிழக்கே மன்னார் வளைகுடா என்று மங்களம் பாடி முடித்தான். விரல் பருப்புக்கு மேலே நின்றது.

"நல்லா ஒப்பிச்சலே" என்றார் சார். என்னைத் திரும்பிப் பார்க்கவும் செய்தார்.

ஸமீஹா தொடங்கினாள். முதலில் ஓரத்தைத் தடவி எவ்வளவு பெரிய படம் என்று அளந்துகொண்டாள். பிறகு மூலையில் குறிப்பை வாசித்தாள். இடது கையை மேற்கே ஊன்றிக்கொண்டு வலது கையால் கயிற்றைப் பிடித்து இறங்கினாள். "இது மலை. இது ஆறு. இங்கன வயல். தெற்க சொரசொரன்னு இருக்கது ராதாபுரம் பக்கம்." எல்லாம் சரி. விரல் திருச்செந்தூரைத் தாண்டியது. அங்கே நின்றது. திரும்பிக் குறிப்புக்குப் போனது. மறுபடி வந்து நின்றது.

எங்கள் பிள்ளைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. படமும் மனசும் ஒத்துப்போகவில்லை என்றால் விரல்தான் தப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். ஊரே அவர்களைத் திருத்திக்கொண்டிருந்தால் வேறு எப்படி நினைப்பார்கள். இப்போது அவள் 'கடல்' என்று மட்டும் சொன்னால் ஒப்பித்தாள் என்பார் சார். 'மலை' என்று மட்டும் சொன்னால் பூகோளமே தெரியாது என்பார். இரண்டு பக்கமும் குழி. நான் மனசுக்குள் ஓத ஆரம்பித்துவிட்டேன்.

"கடலுக்கு முன்னால ஒரு மலை இருக்கு" என்றாள்.

"மலையா? நல்லா பாரும்மா" என்றார் சார்.

"பாத்துட்டேன் சார். கடலைப்பருப்பு. குறிப்புல பருப்புன்னா மலை."

"அப்ப திருச்செந்தூர்ல மலை இருக்குன்னு சொல்லுதியா?"

"மேப்புல இருக்குன்னு சொல்லுதேன். ஊருல இல்ல. வாப்பா கூட அங்கன பஸ்ஸ விட்டு எறங்குனா கடல் காத்து மூஞ்சில அடிக்கும். இம்புட்டுப் பெரிய மலை குறுக்க நின்னா காத்து எப்படி வரும்?" விரல் இன்னும் பருப்பின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. "மேற்க ஒட்டுனது காஞ்சு கெட்டியா இருக்கு. இது இன்னும் ஈரம். ஒண்ணுக்கொண்ணு சமமா எட்டி எட்டி இருக்கு. மலை இப்படி இருக்காது சார், கோலம்தான் இப்படி இருக்கும்."

பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "டீச்சர், என் விரல் சரிதான். உங்க மேப் தப்பு."

என்னைத் தப்பு என்று சொன்னவர்களை நான் சும்மா விட்டதில்லை. அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் இசக்கியம்மா முன்னால் வந்துவிட்டாள். "என்ன தப்பு? ஒரு பக்கம் மட்டும் புள்ளி வச்சுட்டு எந்திரிச்சா அது கோலமா? டீச்சரம்மா பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பாதியில போட்டுட்டுப் போயிட்டாவன்னு நெனச்சேன். அதுவும் முருகன் இருக்க ஊரு. மத்த படைவீட்டுல எல்லாம் மலையில இருக்காரு. இங்கன மட்டும் அவரு எதுக்கு மலை இல்லாம மணல்ல கெடக்கணும்?"

பெருமாள்ராஜ் சார் சிரித்துச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்து ஸமீஹாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இந்த மேப்ப என் வகுப்புல வச்சா, பாதிப் பய மலைன்னு எழுதிட்டுப் போயிருவான். மீதிப் பய பாக்காமலே கடல்னு எழுதுவான்" என்றார். "நான் போர்டுல தப்பா வரைஞ்சாலும் இப்படித்தான் சொல்லுவியா?"

ஸமீஹா விரலைப் பருப்பிலிருந்து எடுத்தாள்.

"தொட்டுப் பாக்க விட்டியன்னா சொல்லுவேன் சார்."

போர்டில் சாக்பீஸால் வரைவதை எந்த விரல் வாசிக்கும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மேசையில் மிச்சமிருந்த சணல் கயிற்றை எடுத்துப் பார்த்தார்.

"இத எப்படி ஒட்டணும்னு எனக்குச் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்றார். "திங்கக்கிழமை புள்ள வரும்போது நானும் தயாரா இருக்கணும்லா."