காந்தம் நிற்காத இடம்

காந்தத்தை மட்கார்டின் மேல் ஒட்டிவிட்டு ஸ்ரீநிவாசராகவன் சார் கையை எடுத்தார். அது நின்றது. ஒரு சாண் தள்ளி ஒட்டினார். அங்கேயும் நின்றது. அவருடைய பழைய மாரிஸ் மைனர் கார் தாம்பரம் பட்டறைக்கு வந்து நாற்பது நாளாகிறது. துருப்பிடித்த தகட்டையெல்லாம் வெட்டியெறிந்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தவர் ஏசுபாதம். கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

துருவின் மேல் பட்டி பூசி மறைத்ததற்காக, போன மாதம்தான் இன்னொரு வெல்டரான பொன்னுசாமியை முதலாளி ஜெயவேலு வேலையைவிட்டு அனுப்பியிருந்தார். பட்டியில் காந்தம் ஒட்டாது. அது சாருக்கும் தெரிந்திருந்தது.

முகப்பு விளக்குக்கு அடியில் காந்தம் வழுக்கித் தரையில் விழுந்தது.

"இங்க பட்டி வச்சிருக்கேளா?" என்றார் சார்.

ஜெயவேலுவின் முகம் கறுத்தது. "இன்னாய்யா இது? நீயும் அதே வேலைய காட்டிட்டியா? பையத் தூக்கினு கெளம்பு."

ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு பட்டறை வாசலில் போய் எப்படி நிற்பது? துருவோடு நாற்பது நாள் மல்லுக்கட்டியவருக்கு அந்தச் சின்னக் காந்தம் பேஜாராகிவிட்டது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்த இடத்தைச் சுரண்டினார். சாம்பல் நிறப் பிரைமர் உதிர்ந்து, உள்ளே மஞ்சளாக மின்னியது.

"பித்தளை சார். இங்க தகடு பேப்பராட்டம் கீது. வெல்டிங் வச்சா ஓட்டையாப் பூடும். அதான் பித்தளைக் கம்பிய உருக்கி அடைச்சேன். அதுல காந்தம் நிக்காது."

சார் நகத்தால் கீறிப் பார்த்தார். "நான்தான் அவசரப்பட்டுட்டேன். உங்க பட்டறையில வேலை சுத்தம், ஜெயவேலு."

"நம்மகிட்ட பட்டியே கெடையாது சார்," என்று ஜெயவேலு சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஏசுபாதத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தனக்குள் சிரித்துக்கொண்டார்.

பெயிண்டிங்குக்காக வண்டி பல்லாவரம் போக வேண்டும். பேட்டரி இறங்கியிருந்ததால், சார் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, ஏசுபாதம் டிக்கியில் கைவைத்து ஜி.எஸ்.டி. ரோடு வரை தள்ளினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றது. சார் இறங்கிப் பின்பக்கமாக வந்தார்.

ஏசுபாதம் வலது கையைச் சட்டையில் அவசரமாகத் துடைத்தார்.

சார் கைக்குட்டையை எடுத்து, டிக்கியில் பதிந்திருந்த இரண்டு கரித் தடங்களையும் அழுத்தித் துடைத்துவிட்டு, திரும்பிப் போய் வண்டியில் ஏறினார். ஏசுபாதம் இன்னும் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.