உரானி அத்தைக்குச் சொல்லக்கூடாத சொல்

அரிஸ்டீல் பாபினோ வெங்காயத்தோடு பேசுவார். "அழாதடி கண்ணு, அழ வேண்டியவன் நான்தான்" என்று சொல்லிக்கொண்டே அவர் அதை நறுக்கும்போது, கேமரா பிடிக்கும் இளைஞன் சிரிப்பை அடக்கமாட்டாமல் படத்தை ஆட்டிவிடுவான். படம் எப்போது ஆடும் என்று நாங்களும் காத்திருப்போம். சனிக்கிழமை மாலை அவருடைய சமையல் நிகழ்ச்சி லாஃபயெட் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒளிபரப்பாகும் நேரத்தில், எங்கள் பெல் ஆன்ஸ் ஊரின் தெருக்களில் நாய்கூட நடமாடாது.

அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அவரைப் பற்றிப் பேச்சு எழும்போது மற்றவர்களுக்கு அவருடைய வாத்துக் குழம்பும், முதலைக் கதைகளும் நினைவுக்கு வருகின்றன. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, அவர் வாயைத் திறக்க அஞ்சிய ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பள்ளியில் வீட்டு மொழியான பிரெஞ்சைப் பேசியதற்காக முழங்காலில் நிற்க வைக்கப்பட்ட தலைமுறை எங்களுடையது. அப்படி நின்ற ஒருவர், அதே பிரெஞ்சின் வளைவும் நெளிவும் ஒட்டிய ஆங்கிலத்தில், ஒரு மர அகப்பையை ஆட்டியபடி, மாநிலம் முழுவதையும் வாரந்தோறும் சிரிக்க வைத்தார். பட்டணத்தில் சிலர் "நம்மைக் கோமாளி ஆக்குகிறான்" என்று முகம் சுளித்ததுண்டு. ஆனால் அவர் பேசத் தொடங்கிய பிறகுதான், என் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் தாத்தாக்களின் பேச்சை வெட்கமில்லாமல் பேசிக் காட்டினார்கள். ஓர் ஆசிரியனுக்கு அது சிறிய செய்தி அன்று.

ஓர் இலையுதிர் காலத்தில் அந்தக் குரல் போய்விட்டது.

காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஒரு நாள் காலையில் அவர் வாயைத் திறந்தார், காற்று மட்டும் வந்தது. தொண்டையில் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்னார். அதற்குமேல் சொல்ல அவரிடமும் ஒன்றும் இல்லை. அரிஸ்டீலுக்குப் பதிலாக நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு சமையற்காரரை அழைத்து வருவது பற்றி நிலையத்தார் யோசிப்பதாக ஒரு பேச்சு பரவியது. அந்த மனிதர் எங்கள் கம்போக் குழம்பில் தக்காளி போடுபவர்; எங்கள் ஊரில் அது பாவம். செய்தி கேட்டு எங்கள் பங்குத்தந்தையே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊரு ரொம்ப அமைதியா இருக்கு வாத்தியாரே," என்றார் இறைச்சிக்கடை யூலிஸ். "கொக்கியில தொங்குற பன்னிகூட 'என்னய்யா ஆச்சு'ன்னு என்னைக் கேக்குது."

என் மாணவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. சதுப்பில் ஒரு பெருந்தவளை இரவெல்லாம் கத்தும். "இந்தச் சனியன் ஒழிந்தால்தான் எனக்குத் தூக்கம்" என்று முதலை அன்றாடம் சபிக்கும். ஒரு நாள் தவளைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அன்று முதலை புரண்டு புரண்டு படுத்துவிட்டு, கடைசியில் தவளையிடம் வந்து, "ஐயா, கொஞ்சம் கத்தும். எதைத் திட்டிக்கொண்டு தூங்குவதென்று தெரியவில்லை" என்று கேட்டதாம். எங்கள் ஊர் அந்த முதலையின் நிலையில் இருந்தது.

மருத்துவர் கைவிட்டதும் ஒடேலி, அரிஸ்டீலின் மனைவி, அவரை உரானி அத்தையிடம் அழைத்துச் சென்றாள். அத்தை ஓடைக்கு அக்கரையில் வாழ்ந்தவர், ஜெபித்து மந்திரிப்பவர். ஓடும் நீரைத் தாண்டினால் அந்த வரம் கையை விட்டுப் போய்விடும் என்பதால் அவர் பாலத்தைக் கடப்பதில்லை. நோயாளிதான் அவரைத் தேடிச் செல்ல வேண்டும். அரிஸ்டீலின் கழுத்தில் கட்டைவிரலை வைத்து, உதடு மட்டும் அசைய, யாருக்கும் கேட்காத ஜெபத்தை அவர் சொன்னார். அந்த வாரமே குரல் திரும்பத் தொடங்கியது. முதலில் கரகரப்பாக, பிறகு தெளிவாக, கடைசியில் பழையபடி காது பொறுக்க முடியாத உரப்போடு.

மந்திரித்தவருக்குக் கூலி கொடுக்கக்கூடாது, நன்றியும் சொல்லக்கூடாது. குணம் தருபவர் கடவுள். மந்திரிப்பவர் வெறும் வாசல். வாசலுக்கு நன்றி சொன்னால், உள்ளே வந்தது அவ்வழியே திரும்பிப் போய்விடும். எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே இதைப் பழகிவிடுகின்றன. அரிஸ்டீலும் அறிந்திருந்தார். அவருடைய நாக்குக்குத்தான் அந்த அறிவு போதவில்லை.

கோயில் திருவிழா வந்தது. அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சி, நிலையத்திலிருந்து அல்லாமல், எங்கள் கோயில் வளாகத்து ஓக் மரத்தடியிலிருந்தே நேரடியாக ஒளிபரப்பானது. பெரிய இரும்புக் கொப்பரையில் கம்போ கொதித்தது. நண்பகலிலிருந்து அரிஸ்டீல் புகைக்கும் ஆவிக்கும் நடுவே நின்று கத்தினார், பாடினார், மாவும் எண்ணெயும் சேர்ந்து சிவக்கும் வரை அதட்டினார், பங்குத்தந்தையின் முன்னிலையிலேயே குருமார் பற்றிய கதைகளைச் சொன்னார். பங்குத்தந்தை கண்ணீர் வரச் சிரித்தார்.

நிகழ்ச்சியின் முடிவில் நன்றி சொல்வது அவர் வழக்கம். இறால் பிடித்தவருக்கு, நெல் அறுத்தவருக்கு, உயிரைக் கொடுத்த கோழிக்கு, அடிப்பிடிக்காமல் மானத்தைக் காத்த கொப்பரைக்கு என்று வரிசையாகச் சொல்வார். அன்றும் சொன்னார். கொப்பரையோடு நிறுத்தியிருக்கலாம்.

"அப்புறம், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கற எங்க உரானி அத்தைக்கு! அவங்க இல்லேன்னா இன்னிக்கு நான் இங்க ஊமைக்கூத்து ஆடிக்கிட்டு இருப்பேன். நன்றி அத்தை, மனசார நன்றி!"

கூட்டம் முழுவதும் ஒரே மூச்சை உள்ளே இழுத்தது. கேமரா இளைஞனும் எங்கள் பக்கத்துப் பிள்ளைதான். சிலுவை போட்டுக்கொள்ளக் கேமராவிலிருந்து கையை எடுத்தான். கேமரா தலை சாய்ந்தது. நெடுநேரம் மாநிலம் முழுவதும் ஓக் மரத்து இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அரிஸ்டீல் திறந்த வாயோடு நின்றார். பிறகு, மிகவும் தாமதமாக, அகப்பையால் அதை மூடினார்.

"போச்சு!" என்றார் யூலிஸ். "அக்கரையில வாங்கிட்டு வந்த குரலை இக்கரையில கவுத்துட்டான்!"

மறுநாள் பூசைக்கு மணி அடிக்கும் முன் ஒடேலி என் கதவைத் தட்டினாள்.

"வண்டிய எடுங்க வாத்தியாரே. எழுந்ததும் காப்பி கேட்டாரு. துருப்பிடிச்ச கேட்டத் தொறந்த மாதிரி இருந்துச்சு."

"அத்தையிடம் நீங்க ரெண்டு பேருமே போகலாமே, ஒடேலி?"

"நான் பேசினா அழுதுருவேன். அவரு பேசினா இன்னும் எதையாவது கெடுப்பாரு. நீங்க படிச்சவரு, பக்குவமா எடுத்துச் சொல்லுவீங்க. கோவத்துல அத்தை முடியாதுன்னுட்டா, நாங்க வேற யாருகிட்ட போவோம்?"

அரிஸ்டீல் என் வண்டியில் எங்கள் இருவருக்கும் நடுவே அமர்ந்தார். வாயில் கைக்குட்டை, கையில் அகப்பை. "ஒண்ணு தட்டினா ஆமா, ரெண்டு தட்டினா இல்ல" என்று ஒடேலி கட்டளையிட்டிருந்தாள். அவரோ இடைவிடாமல் தட்டிக்கொண்டே வந்தார்.

"இது என்ன கணக்கு?" என்று அவள் எரிந்து விழுந்தாள்.

"கதை சொல்கிறார் என்று நினைக்கிறேன்," என்றேன்.

பாலம் வந்ததும் தட்டுவது நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்கள் ஓடையின் மேல் இருந்தன. அகப்பை மடியில் கிடந்தது. குரல் இல்லாத நாட்களிலும் நான் அவரை இப்படி அமைதியாகக் கண்டதில்லை. எங்களுக்கு அவருடைய பேச்சு பொழுதுபோக்கு. அவருக்கு அது மூச்சு என்பது அப்போது எனக்கு விளங்கியது.

உரானி அத்தை வீட்டு முகப்பில் அமர்ந்து, அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஷா, கண்ணுங்களா, பூசைக்குப் போகாம மூணு பேரும் இங்க?"

"அத்தை," என்று நான் தொடங்கினேன், "நேத்து விழாவுல அரிஸ்டீல் ஒரு சொல் சொல்லிட்டாரு."

"அவன் என்னிக்கு ஒரு சொல்லோட நிறுத்தினான்?"

"இது சொல்லக்கூடாத சொல்."

"கெட்ட வார்த்தையா? கோயில் வாசல்லயா?"

"இல்லை அத்தை, நல்ல வார்த்தைதான்."

"நல்ல வார்த்தை சொன்னதுக்கா மூணு பேரும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க?"

வழக்கை எடுத்துரைக்க அந்தச் சொல் வேண்டும்; அதை அவர் முன்னால் உச்சரித்தால் மிச்சமிருப்பதும் போய்விடுமோ என்று அச்சம். பக்குவமாகப் பேசுவதற்காக அழைத்துவரப்பட்டவன், வாய்க்குள் சொற்களை உருட்டிக்கொண்டிருந்தேன். அத்தை நண்டுக்காலைக் கடித்தபடி என்னை வேடிக்கை பார்த்தார்.

ஒடேலியால் பொறுக்க முடியவில்லை. "அத்தை, அவரு உங்களுக்கு அதைச் சொல்லிட்டாரு! எல்லாருக்கும் முன்னாடி!"

"அதுவா? தெரியுமே. மருமகன் வீட்டு டிவியில பார்த்தேன். அதுக்கப்புறம் ரொம்ப நேரம் ஓக் மரத்தைப் பார்த்தேன்."

இதுதான் தருணம் என்று நான் துணிந்தேன். "அத்தை, இவர் கோழிக்கும் கொப்பரைக்கும்கூட அதைச் சொல்றவர். வாய்ப்பழக்கம். மனசுல இருந்து வராததை நீங்க பொருட்படுத்த வேண்டாமே."

அத்தை சற்று யோசித்தார். "அதுவும் நியாயம்தான்," என்றார்.

எங்களுக்கு உயிர் வந்தது. அந்த நொடியில் அரிஸ்டீல் வாயிலிருந்த கைக்குட்டையை உருவினார்.

"இல்ல அத்தை," என்றது அந்தத் துருப்பிடித்த குரல். "மனசாரத்தான் சொன்னேன்."

ஒடேலி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மாதாவே! இந்த மனுசனுக்குக் குரல் போனாலும் வாய் போகலையே!"

அத்தை நண்டைக் கீழே வைத்தார். மேலாடையில் கையை நிதானமாகத் துடைத்தார். அவர் முகத்தில் என்னால் எதையும் படிக்க முடியவில்லை. அரிஸ்டீல் தண்டனைக்குக் காத்திருக்கும் மாணவனைப் போலத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எங்கம்மாவும் மந்திரிப்பா," என்றார் அத்தை. "ஒரு நாள் ஒரு ஆளு கையில மருவோட வந்தான். மந்திரிச்சா. மரு போச்சு. சந்தோஷத்துல நன்றின்னு சொல்லிட்டான். மரு வந்துருச்சு. மறுபடி வந்தான், மறுபடி மந்திரிச்சா, மறுபடி சொன்னான். நல்ல மனுசன், வாயக் கட்டத் தெரியல. அந்த மழைக்காலம் முழுக்க வந்துக்கிட்டே இருந்தான். கடைசில எங்கம்மா பார்த்தா, தினமும் பாலத்தைத் தாண்டி வர்றதுக்கு இங்கயே இருந்துடுன்னு சொல்லிட்டா. அவருதான் எங்கப்பா."

"மரு என்ன ஆச்சு?" என்று நான் கேட்டேன்.

"சாகற வரைக்கும் இருந்துச்சு. யாரு கவலைப்பட்டா?" அத்தை அரிஸ்டீலின் பக்கம் திரும்பினார். "நன்றி சொன்னா வைத்தியம் போயிரும். சரி. வைத்தியம் பண்றவ எங்கடா போயிட்டேன்? இங்கதான உக்கார்ந்து நண்டு உடைச்சிக்கிட்டு இருக்கேன். இதுக்கா ராத்திரியெல்லாம் தூங்காம மூஞ்சிய வீங்க வச்சிருக்க? உக்காரு இப்படி. நீயே வாயத் தொறந்து கேக்கணும், அவ்வளவுதான்."

அரிஸ்டீல் படியில் அமர்ந்தார். "எனக்கு மந்திரிச்சு விடுங்க அத்தை," என்றார். அந்த வாக்கியம் பாதியிலேயே உடைந்தது. குரலினால் மட்டும் அன்று.

நண்டு மணக்கும் கட்டைவிரல் அவர் கழுத்தில் பதிந்தது. அத்தையின் உதடுகள் அசைந்தன. ஒடேலி என் கையை நசுக்கியதில் என் விரல்கள் மரத்துப்போயின. வாரம் முடிவதற்குள் அந்தக் குரல் முழுதாகத் திரும்பியது. ஓய்வினாலா ஜெபத்தினாலா என்று நான் ஆராயவில்லை, ஆராயும் ஆசையும் இல்லை. ஆனால் அந்தக் காலையில் அது எங்களுக்குத் தெரியாது. இருந்தும், அத்தை கையை எடுத்தபோது மூவருக்கும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

இனி எஞ்சியது புறப்படுவது ஒன்றுதான். ஆனால் அதுவே ஆபத்தான வேலை. எந்த வீட்டுப் படியையும் நன்றி சொல்லாமல் இறங்கிப் பழகாதவர் அவர். எழுந்தார், தொப்பியை அணிந்தார், அத்தையைப் பார்த்தார். உதடுகள் அந்தச் சொல்லுக்காகக் குவியத் தொடங்கின.

"அரிஸ்டீல்!" என்று ஒடேலி அலறினாள்.

அவர் முகம் சிவந்தது. கண்கள் தவித்து அலைந்து, கடைசியில் நண்டுப் பாத்திரத்தில் போய் நின்றன.

"அத்தை," என்று கரகரத்தார், "உங்க நண்டுல காரமே இல்ல! கொடியில காயுற துணியை அவிச்ச மாதிரி இருக்கு! இதையெல்லாம் மனுசன் தின்னுவானா?"

உரானி அத்தையின் முகம் மலர்ந்தது. அத்தனை மலர்ச்சியை நான் எந்த வாழ்த்துரைக்கும் கண்டதில்லை.

"போடா வாயாடி! டிவியில வந்துட்டா பெரிய சமையக்காரனா? தின்னு பார்க்காமலே காரம் இல்லேங்கறான்! இறங்குடா படியை விட்டு!"

அத்தை ஒரு நண்டை எடுத்து அவர்மேல் எறிந்தார். அரிஸ்டீல் அதைத் தொப்பியில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து வண்டியில் ஏறினார்.

வழி நெடுக அவர் அதை உடைத்துத் தின்றுகொண்டே பேசினார்; நண்டைப் பற்றி, அத்தையின் தந்தையைப் பற்றி, தான் ஒருபோதும் கண்டிராத ஒரு முதலையைப் பற்றி. பாதிச் சொற்கள் காற்றாகவே வந்தன. "பேசாதீங்க, தொண்டைக்கு ஆகாது" என்று ஒடேலி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சன்னல் ஓரம் தலை சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.