ஒன்பது மில்லிமீட்டர் தாகம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு தாளிலிருந்து எனக்குக் கிடைத்தது. 1987, சித்திரை மாதம். கூடலூர் மெயின் ரோட்டில், குமுளி ஜீப்புகள் ஆள் ஏற்றும் இடத்துக்கு எதிரே, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு டாக்டர் வந்து ஒரு பக்கம் எழுதிய தாளைக் கொடுத்து, மூன்று காப்பி வேண்டும் என்றார். பன்னிரண்டு ஆட்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு எண்கள்: தண்ணீர் குடிப்பதற்கு முன் கழுத்து ரத்த நரம்பின் அகலம், குடித்த பின் அகலம். ஒன்பது, ஒன்பது. பத்து, பத்து. எட்டு, ஒன்பது. எல்லாம் மில்லிமீட்டர். கடைசியில் ஒரு வரி: நான்கு மணி நேர வெயில் வேலையால் ஆரோக்கியமான இந்த ஆட்களின் உடம்பில் நீர் குறையவில்லை.

அடித்துக் கொடுத்துவிட்டேன். டாக்டர் படியிறங்கிய பிறகுதான் மண்டை குடைய ஆரம்பித்தது. சித்திரை வெயிலில் நாலு மணி நேரம் கல் சுமந்தவன் உடம்பு வற்றாதா? அந்தக் குடைச்சலுக்கு நானே ஒரு பதிலைக் கற்பித்துக்கொண்டேன். தாள் ஒன்றுதான் நான் கண்டது, மற்றதெல்லாம் என் சரக்கு.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

"லோயர் கேம்ப்பில் வாய்க்காலை அடைத்துக் கரை கட்டும் வேலை நடந்த காலத்தில்—" (வேண்டாம். சர்க்கார் கடுதாசி மாதிரி இருக்கிறது.)

"டாக்டர் வைகுண்டராஜ் மதுரையில் வாங்கிய பழைய ஸ்கேன் மிஷின், ஜீப்பில் கூடலூர் வந்து சேர்ந்ததும் செய்த முதல் காரியம்—" (மிஷின் என்ன காரியம் செய்யும்? எழுதிவிட்டு நானே முழித்தேன்.)

"ஞானபாக்கியத்துக்கு ஒரு பழக்கம்."

இது நின்றது. ஏன் என்று எனக்கும் தெரியாது. இதிலிருந்தே போகிறேன்.

3

ஞானபாக்கியத்துக்கு ஒரு பழக்கம். வெயிலிலிருந்து யார் வந்தாலும் பேர் கேட்பதற்கு முன்னால் தண்ணீர் கொடுத்துவிடுவாள். போடியில் அவள் அப்பாவின் ஜவுளிக்கடையில் அப்படித்தான். துணி எடுக்க வந்தவரோ வழி கேட்க வந்தவரோ, முதலில் செம்பு, பிறகுதான் பேச்சு. டாக்டர் வைகுண்டராஜிடம் நர்ஸாகச் சேர்ந்து எட்டு வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

வாய்க்கால் வேலைக்குத் தண்ணீர் சுமப்பவள் மொக்கம்மாள். பத்து மணிக்கு ஒரு நடை, ஒரு மணிக்கு ஒரு நடை. பத்து மணி நடையில் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று கான்ட்ராக்டருக்கு எரிச்சல். அதை நிறுத்தப் பார்த்தார். ஆட்கள் முரண்டு பிடித்தார்கள். டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்வது என்று பேச்சானது. டாக்டரும் ஸ்கேன் மிஷின் வந்திறங்கிய புது உற்சாகத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஏழிலிருந்து பதினொன்று வரை தண்ணீர் குடிக்காமல் வேலை செய்த பன்னிரண்டு பேரைக் கூட்டி வந்து கழுத்து நரம்பை ஸ்கேனில் அளப்பது. ஆளுக்கு இரண்டு செம்புத் தண்ணீர் கொடுத்து, அரைமணி கழித்துத் திரும்ப அளப்பது. ஒடுங்கிக் கிடந்த நரம்பு பருத்தால் உடம்பு வற்றியிருந்தது என்று அர்த்தம்.

குடிக்காமல் வரச் சொல்லி ஆட்களிடம் சொன்னார். ஞானபாக்கியத்திடம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

"உள்ள வாங்கண்ணே. இந்தாங்க, மொதல்ல இதைக் குடிங்க."

முதல் ஆள் அய்யாத்துரை, மொக்கம்மாளின் புருஷன். டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனாலும் வாசலில் நின்று ஒரு பெண்பிள்ளை நீட்டும் தண்ணீரை வேண்டாம் என்று தள்ள அவனுக்கு வாய் வரவில்லை. அண்ணாந்து குடித்தான். அவன் குடித்ததைப் பார்த்து மற்ற பதினோரு பேரும் குடித்தார்கள். முறை வர ஒரு மணி நேரமானது, அதற்குள் இன்னொரு சுற்றும் கொடுத்தாள். உள்ளே டாக்டர், "எதுவும் குடிக்கலையே?" என்று கேட்டபோது, நர்சம்மாவுக்குத் திட்டு விழுமே என்று எல்லோரும் தலையை ஆட்டிவிட்டார்கள்.

4

(இங்கே ஒரு இடைச்செருகல். என்னிடம் டைப் படித்த ஒரு பெண்ணின் அண்ணன் மெடிக்கல் காலேஜில் படித்தான். அவனிடம் விசாரித்தேன். அந்தக் கருவியைக் கழுத்தில் கொஞ்சம் அழுத்தினாலே நரம்பு நசுங்கிவிடுமாம். மூச்சை இழுத்தால் ஒரு அளவு, விட்டால் ஒரு அளவு. தலையணை உயர்ந்தால் வேறு. "அப்ப அதை வச்சு என்னதான்யா தெரியும்?" என்றேன். "நல்லா இருக்கவுகளுக்குப் பாத்துச் சொல்றது கஷ்டம் சார்" என்றான்.

எனக்கு இருந்த கொஞ்சம் தெளிவும் போனது. தண்ணீரால் எண் கெட்டதா, அல்லது எண்ணுக்கே ஒன்றும் தெரியாதா? ஞானபாக்கியம் செய்தது தப்பா, அல்லது நானே ஒருத்தியை உண்டாக்கி அவள் தலையில் பழியைப் போடுகிறேனா? வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அவளைக் கதையிலிருந்து அடித்துவிட மனம் வரவில்லை.)

5

அடுத்த வாரம் மொக்கம்மாள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள்.

"நர்சம்மா, பத்து மணி நடையை நிறுத்திப்பிட்டாக. கழுத்துல எல்லாம் சரியா இருக்குன்னு டாக்டரு எழுதிக் குடுத்தாகளாம்ல? நேத்து எங்க வீட்டுக்காரரு அங்கன வாய்க்காலுக்குள்ளயே மயங்கி விழுந்துட்டாரு."

ஞானபாக்கியத்துக்கு அப்போதுதான் விளங்கியது. தான் கொடுத்த தண்ணீர்தான் அவர்களுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று சாட்சி சொல்லியிருக்கிறது. நேரே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னாள்.

டாக்டர் திட்டவில்லை. "கான்ட்ராக்டர்ட்ட நான் பேசுறேன். இன்னொரு தடவை அளந்துருவோம். ஆனா இந்தத் தடவை அளந்து முடிக்கிற வரைக்கும் ஒரு சொட்டு குடுக்கக் கூடாது, சிஸ்டர்."

"தாகமா இருக்குன்னு அவுகளே சொல்றாகளே டாக்டர். அதை எழுதிக் குடுத்தா ஆகாதா?"

"அவுக சொன்னா கான்ட்ராக்டர் நம்பமாட்டாரு. மிஷின் சொன்னா நம்புவாரு."

6

செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு ஜீப் வந்து நின்றது. முதலில் அய்யாத்துரை இறங்கினான். உதடு வெளுத்து, ஓரத்தில் நுரை காய்ந்திருந்தது. உள்ளே டாக்டர் கழுத்தில் தடவும் ஜெல்லியைக் கையில் பிதுக்கியபோது கரண்ட் போனது. அய்யாத்துரை பெஞ்சில் உட்கார்ந்தான். கால்மணி போனது. அரைமணி போனது.

"நர்சம்மா, ஒரு வாய் தண்ணி."

இதற்குமேல் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவள் கொடுக்கவில்லை. கரண்ட் வந்தது. நரம்பு ஆறு, குடித்த பின் ஒன்பது. பத்து மணி நடை திரும்பக் கிடைத்தது. (நன்றாகத்தான் இருந்தது. கிழித்துவிட்டேன். கெஞ்சுகிறவனைப் பார்த்துக்கொண்டு அவள் சும்மா நின்றதை நான் இரண்டே வார்த்தையில் தாண்டியிருந்தேன்.)

இன்னொன்றில் கொடுத்துவிட்டாள். ஒன்பது, ஒன்பது. வேலை முடியும் வரை பத்து மணிக்குத் தண்ணீர் கிடையாது.

மூன்றாவதில் அவள் கொடுக்கவில்லை, அப்படியும் நரம்பு ஒன்பதுதான். அவன் மயங்கிச் சாய்ந்துகொண்டிருக்கிறான், மிஷின் அவன் நன்றாயிருப்பதாகச் சொல்கிறது, நான் அதையும் மூன்று காப்பி அடித்துக் கொடுப்பேன்.

நாலாவதாக எழுத உட்கார்ந்தபோது அவள் செம்போடு என் பக்கம் திரும்பிவிட்டாள்.

"நீங்கதானே என்னைய இங்கன நிறுத்துனது. நாக்கு ஒட்டிக்கிட்டுப் பேசமாட்டாம உக்காந்துருக்காரு. குடுக்கவா, வேண்டாமா? வெரசாச் சொல்லுங்க."

தெரியவில்லையே, ஞானபாக்கியம். எனக்கு டைப் அடிக்கத்தான் தெரியும். இதோ, படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேள்.