புகார் மேசைக் கண்ணீர்

நான் குடிப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என்னைப் பார்ப்பவர்கள் முதலில் நினைப்பது அதைத்தான். கன்னமும் மூக்கும் சிவந்திருக்கும். கண்கள் அதைவிடச் சிவந்திருக்கும்.

வீட்டுச் சாமான்களைப் பழுதுபார்க்கும் கம்பெனியில், உதிரிபாகக் கவுண்ட்டரில் தற்காலிக வேலை. ஸ்டோர் இன்சார்ஜ் ஒருநாள் பக்கத்தில் வந்து மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்தார். வாசனை எதுவும் வரவில்லை. அது அவருடைய சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

"வாசனையே இல்லாத சரக்கா இருக்கும். இந்தக் காலத்துல எல்லாம் வருது" என்றார்.

மறுநாள் என்னைப் புகார் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே யாரும் நிலைத்ததில்லை. வருகிறவர்கள் அத்தனை பேரும் கோபமாக வருவார்கள்; தலைக்கு நேர் மேலே ஏசி முகத்தைப் பார்த்து ஊதிக்கொண்டிருக்கும். தானாக ஓடிவிடுவான் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

முதலில் வந்தது ஒரு வாஷிங் மெஷின்கார அம்மா.

"மூணாவது தடவை ரிப்பேர்! கதவு திறக்க மாட்டேங்குது. எம் பொண்ணோட யூனிஃபார்ம் உள்ள மாட்டிக்கிட்டு ஊறுது. நீங்கல்லாம் மனுசங்கதானா?"

பதில் சொல்ல நிமிர்ந்தேன். காற்று பட்டதும் கண் எரிந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. அந்த அம்மா பாதிப் பேச்சில் நின்றுவிட்டார்.

"ஐயோ தம்பி, உன்னச் சொல்லலப்பா. கம்பெனியத்தான் சொன்னேன்."

"இல்ல மேடம், கண்ணுதான்..."

"புரியுது, புரியுது. வீட்ல ஏதும் பிரச்சினையா? சாப்டியா நீ?"

புகாரைப் பதியாமலே போய்விட்டார். யூனிஃபார்ம் இன்னும் மெஷினுக்குள்தான் இருக்கிறது என்பது அவர் படியிறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பெயரும் தெரியாது, போன் நம்பரும் தெரியாது.

அடுத்தடுத்த வாரங்களில் இதுவே நடந்தது. கத்திக்கொண்டு வந்தவர்கள் புகாரைப் பதியாமல் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் கைக்குட்டை கொடுத்தார், திருப்பி வாங்கவில்லை. மெக்கானிக்குகள் எனக்கு 'அணை' என்று பெயர் வைத்தார்கள். "அணை திறந்தாச்சா?" என்பது காலை வணக்கம் ஆகிவிட்டது. "நீலிக் கண்ணீர்னு கேள்விப்பட்டிருக்கேன், இப்பத்தாண்டா பாக்குறேன்" என்றார் மூத்த மெக்கானிக், உண்மையான மரியாதையோடு.

மேனேஜருக்குத்தான் அதிக மகிழ்ச்சி.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்பாங்க. நீ அழுது கம்பெனிக்குப் பால் வார்க்குறப்பா. மூணு மாசத்துல தலைமை ஆபீஸ்லேர்ந்து அதிகாரி வர்றாரு. உன்ன நிரந்தரம் பண்ணச் சொல்லப்போறேன்."

நான் அழவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வாழ்க்கையில் முதல் முறையாக என்னிடம் ஒரு திறமை இருப்பதாக ஒருவர் சொல்லியிருந்தார். அது என்னுடையதா, என் கண்ணுடையதா என்று பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை.

மாலையில் கணக்குப் பதிவு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பலகையில் மூன்றும் எட்டும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்தன. கண்ணைக் கொட்டினால் ஒரு கணம் தெளியும். மறு கணம் ஈரக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. நான் தங்கியிருப்பது அக்கா வீட்டில். விரலால் இமையைப் பிரித்துக்கொண்டிருந்ததை அக்கா பார்த்துவிட்டாள். அன்றே கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா என் முகவாயைக் கருவியில் வைக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார்.

"கண்ணு வறண்டு போயிருக்கு."

"தண்ணியாக் கொட்டுதே டாக்டர்?"

"வறண்டதனாலதான் கொட்டுது. இமை ஓரத்துல சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிங்க இருக்கு. உங்களுக்கு அதெல்லாம் அடைச்சுக்கிச்சு. எண்ணெய் இல்லாத கண்ணீர் நிக்காது, உடனே காஞ்சுடும். கண்ணு பயந்துபோய் இன்னும் தண்ணிய ஊத்துது. அதுவும் நிக்காது."

முகச் சிவப்பும் இதுவும் ஒரே வியாதியாம். ரோசேசியா என்று பெயர்.

"எப்ப சரியாகும்?" என்றாள் அக்கா.

"முழுசாப் போகாதும்மா. அடக்கி வைக்கலாம். தினம் பல்லு தேய்க்கிற மாதிரி தினம் இமையைக் கவனிக்கணும். இப்பவே கருவிழி ஓரத்துல ரத்தக்குழாய் ஏற ஆரம்பிச்சிருக்கு. விட்டீங்கன்னா தழும்பாயிடும். அப்புறம் எந்தக் கண்ணாடி போட்டாலும் தெளியாது."

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மாமா என் தோளில் தட்டினார். "விடுறா மாப்ள. வேலை எப்படியோ, வியாதியாவது நிரந்தரமாயிடுச்சே."

ஒரு வேலையைப் பிடித்தால் ஒழுங்காகச் செய்வேன். அது சரியான வேலையா என்பதில்தான் எனக்கு எப்போதும் சந்தேகம். வெந்நீரில் துணியை நனைத்துக் கண்மேல் ஒத்தடம். முதல் நாள் சூடு அதிகமாகி முகம் இன்னும் சிவந்துவிட்டது. பிறகு மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டேன். ஒத்தடம் முடிந்ததும் இமையை மெல்ல நீவிவிட வேண்டும், ஓரத்தைத் துடைக்க வேண்டும். காலையில் மாத்திரை, பகலெல்லாம் சொட்டு மருந்து, படுக்கும்போது களிம்பு. வெயிலில் கறுப்புக் கண்ணாடி. காரம் கூடாது, கொதிக்கக் கொதிக்க டீ கூடாது.

"ஆறிப்போன டீயக் குடுத்தா இத்தன நாள் மூஞ்சியத் தூக்குவே. இப்ப டாக்டர் சொன்னா இனிக்குதோ?" என்றாள் அக்கா.

ஏசிக்குக் கீழே ஒரு அட்டையை ஒட்டிக் காற்றைத் திருப்பிவிட்டேன். பல வாரம் ஒன்றும் தெரியவில்லை. தப்பாகச் செய்கிறேனோ என்று தினமும் பயந்தேன். பிறகு ஒரு மாலை, வகுப்புப் பலகையில் மூன்று மூன்றாகவும் எட்டு எட்டாகவும் இருந்தன. கண்ணீரும் நின்றுவிட்டது.

புகார் மேசையில் கத்தல் திரும்பிவிட்டது. இப்போது யாரும் பாதியில் நிறுத்துவதில்லை. ஒருவர், 'இங்கே உட்கார்ந்திருப்பவருக்கு நெஞ்சில் ஈரமே இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"என்னப்பா ஆச்சு? கல்லுப் பிள்ளையாரா உக்காந்திருக்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லது. உடம்புதான் முக்கியம். ஆனா அடுத்த வாரம் அதிகாரி வர்றாரு. அதுவரைக்கும் மட்டும் மருந்த நிறுத்தி வையேன். நிரந்தரமாயிட்டா அப்புறம் ஆயுசு பூரா ஊத்திக்கோ, யாரு கேக்கப்போறா?"

போகும்போது புகார் மேசை மேல் ஏறி, ஏசிக்குக் கீழே நான் ஒட்டியிருந்த அட்டையை அவரே பிய்த்தார்.

"கண்ணு கெட்ட பின்னாடி சூரிய நமஸ்காரமா? போடா, போ. நிரந்தரக் குருடனா வந்து நில்லு" என்றாள் அக்கா, வீட்டில் விஷயத்தைக் கேட்டதும். ஒரு வாரம்தானே என்று நிறுத்திவிட்டேன். டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் நிறுத்தினேன்.

அதிகாரி வந்த நாளில் என் கண்கள் மேனேஜர் விரும்பியதற்கு மேலாகவே இருந்தன. அதிகாரி எனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேனேஜர் பின்னால் நின்றார். முதலில் வந்தவர் ஒரு பெரியவர்.

"ஃபிரிட்ஜ் குளுகுளுன்னு வரல தம்பி. கம்ப்ரசர் போச்சுன்னாங்க. வீட்டம்மாவோட இன்சுலினப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ்ல வச்சிருக்கோம். அவங்க ஊருக்குப் போனா நாங்க எங்க போறது? வாரண்டி இருக்கான்னு பாருங்க."

பில்லை வாங்கினேன். வாங்கிய மாதம் ஒன்றா, ஏழா? ஒன்று என்றால் வாரண்டி முடிந்துவிட்டது. ஏழு என்றால் கம்ப்ரசரை இலவசமாக மாற்ற வேண்டும். கண்ணைக் கொட்டிப் பார்த்தேன், எழுத்து நீந்தியது. எரிச்சல் தாங்காமல் நீர் பில்லின் மேலேயே சொட்டியது.

பெரியவர் என்னைப் பார்த்தார். அவருடைய முகம் இளகியதை மங்கலாகத்தான் பார்க்க முடிந்தது.

"சரி சரி, அழாதீங்க. சின்னப் புள்ள, நீங்க என்ன பண்ணுவீங்க. விடுங்க, ஃபிரிட்ஜ்தானே."

பில்லை மடித்துக்கொண்டு எழுந்தார். பின்னால் மேனேஜர் திருப்தியாக மூச்சு விட்டது கேட்டது.

"ஐயா, உக்காருங்க" என்றேன். "நான் அழல. எனக்குக் கண்ணு தெரியல. ஒரு நிமிசம்."

பையில் சொட்டு மருந்து இருந்தது. நிறுத்திய பிறகும் ஏன் சுமந்துகொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. எல்லோருக்கும் முன்னால் தலையைச் சாய்த்து இரண்டு கண்ணிலும் விட்டு, இமையை மூடிக்கொண்டேன். நிரந்தரம் போயிற்று என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது முதலில் மங்கல். பிறகு பில் தெளிந்தது.

"ஏழாம் மாசம். வாரண்டி இருக்குங்க. புது கம்ப்ரசர் இலவசம்."

பெரியவர் பதிவுச் சீட்டை வாங்கிக்கொண்டு போகும்வரை அதிகாரி புன்னகையோடு இருந்தார். கதவு சாத்தியதும் புன்னகையை எடுத்துவிட்டார்.

"அவரே விடுங்கன்னாரே. நீங்க ஏன் விடல?"

"பாத்துட்டேன் சார்."

"சார், இவன் அழுதுக்கிட்டிருந்தவரைக்கும் கம்பெனிக்குப் பைசா செலவில்ல. பாக்க ஆரம்பிச்சான், கம்ப்ரசர் போச்சு" என்றார் மேனேஜர் வருத்தமாக.

அதிகாரி மேனேஜர் பக்கம் திரும்பினார். "இவரு இங்க உக்காந்து பாத்தா நமக்கு நஷ்டம். மேல பில் சரிபாக்குற எடம் காலியாத்தானே இருக்கு? ஏஜெண்ட்டுங்க கூட்டிப் போட்டு அனுப்புற பில்ல இதே மாதிரி பாத்தாருன்னா லாபம். அங்க போட்டு நிரந்தரம் பண்ணிடுங்க."

மேல்மாடி என்றால் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் திரை. வறண்ட கண்ணுக்கு அதைவிட மோசமான இடத்தை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. சரி என்று தலையாட்டியிருக்கலாம். நான் எப்போதும் அதைத்தான் செய்வேன்.

"சார், நடுநடுவுல திரைய விட்டுட்டுக் கண்ண மூடி உக்காரணும். மருந்து விடணும். அனுமதி வேணும்."

"வேலை நேரத்துல கண்ண மூடிக்கவா?"

"இதுக்கு முன்னாடி அங்க இருந்தவரு சாயங்காலம் வரைக்கும் மூடிக்கிட்டுத்தான் சார் இருந்தாரு" என்றார் மேனேஜர்.

அதிகாரி சிரிக்கவில்லை. "மூடிக்கங்க" என்றார். "ஆனா ஒண்ணு. இனிமே கஸ்டமர் முன்னாடி எதையாவது படிச்சுச் சொல்றதுக்கு முன்னாடி எம் மூஞ்சிய ஒரு தடவை பாருங்க."

பார்த்தேன். நன்றாகவே தெரிந்தது. கோபமாக இருந்தார்.